வார்ட் லாக் போட்ட பீட்டன், முதல் பதிப்பா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். பழைய புத்தகக் கடை ஒன்றில் மிஸஸ் பீட்டனின் வீட்டு நிர்வாகப் புத்தகம் (பழைய ஆங்கிலச் சமையல் நூல்) பார்த்தேன். நல்ல தடி. தலைப்புப் பக்கத்தில் ஆண்டு இல்லை, கீழே வார்ட் லாக் என்று பதிப்பகப் பெயர். முதல் பதிப்பு என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? இந்த மாதிரிப் புத்தகங்களைச் சேர்க்க எங்கே தொடங்குவது?

பதில்: முதல் பதிப்பு இல்லை. 1861-இல் வந்த முதல் பதிப்பை வெளியிட்டவர் மிஸஸ் பீட்டன் என்கிற இசபெல்லாவின் கணவர் சாம் பீட்டன். 1866 நிதி நெருக்கடியில் அவர் நொடித்துப் போன பிறகுதான் உரிமை வார்ட் லாக் கைக்குப் போனது. அதற்கு முந்தைய வருடமே இசபெல்லா 28 வயதில் இறந்துவிட்டார். பக்கத்தை எண்ணினாலும் தெரிந்துவிடும்: முதல் பதிப்பு 1,112 பக்கம், 1906 பதிப்பு இரண்டாயிரத்தைத் தாண்டும். தடியாக இருந்தால் பழசு என்று நினைப்போம், இதில் நேர்மாறு.

அதற்காக விட்டுவிட வேண்டாம், விலை நியாயமாக இருந்தால் வாங்குங்கள். பின்பக்க விளம்பரங்களை வைத்து ஆண்டை ஓரளவு கணிக்கலாம். வண்ணப் படத் தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள், அவற்றைத் தனியாகக் கிழித்துச் சட்டம் போட்டு விற்பவர்கள் உண்டு. எண்ணெய்க் கறை, ஓரத்தில் யாரோ எழுதிய அளவுத் திருத்தம் இதையெல்லாம் குறை என்று நான் சொல்லமாட்டேன் (விற்கிறவர் குறை என்றால் பேரம் பேச உங்களுக்கு நல்லது). அடுப்படியில் புழங்கிய பிரதி அது.

சேர்ப்பதென்றால் என் யோசனை, முதல் பதிப்புகளைத் துரத்தாமல் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடிய புத்தகங்களாக வாங்குங்கள். எலைசா ஆக்டனின் 1845 சமையல் புத்தகத்தில் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் பொருள்களும் அளவும் நேரமும் தனியாக இருக்கும். அதுவரை சமையல் குறிப்பு என்றால் ஒரே பத்திதான், எவ்வளவு வெங்காயம் என்பதை நடுவில் தேட வேண்டும். மிஸஸ் பீட்டன் அந்தப் பட்டியலைக் குறிப்பின் தொடக்கத்தில் வைத்தார், ஆக்டனின் குறிப்புகள் பலவற்றையும் சொல்லாமலே எடுத்துக்கொண்டார். இன்றைய சமையல் புத்தகங்களின் வடிவம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான்.

ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகம் இன்னும் சுவாரசியம். 1747-இல் அவர் போட்ட 'இந்திய முறைக் கறி' ஆங்கிலத்தில் அச்சான முதல் கறிக் குறிப்பாகக் கருதப்படுகிறது. மஞ்சளே கிடையாது! மிளகு, சுத்தமான தணல் அள்ளும் கரண்டியில் வறுத்துப் பொடித்த கொத்தமல்லி விதை, கொஞ்சம் அரிசி, அவ்வளவுதான், மஞ்சளும் இஞ்சியும் பின்னால் வந்த பதிப்புகளில்தான் நுழைகின்றன. அதனால் ஹன்னா கிளாஸ் புத்தகத்தில் பிந்தைய பதிப்பு கிடைத்தாலும் மதிப்பு உண்டு. மூலப் பிரதி எட்டாத விலை என்றால் 1983-இல் வந்த நகல் பதிப்பு போதும், ஒப்பிட அது தாராளம்.

1769-இல் வந்த எலிசபெத் ராஃபால்டின் சமையல் புத்தகம் கிடைத்தால் முதல் பக்கத்தைப் பாருங்கள். திருட்டுப் பதிப்புக்குப் பயந்து பிரதிகளில் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டவர் அவர். அது மையா அச்சா என்று லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

அப்புறம், நம் ஊர் சம்பந்தம் வேண்டுமென்றால் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கர்னல் கென்னி ஹெர்பர்ட் எழுதி 1878-இல் மெட்ராஸ் ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட சமையல் புத்தகத்தைத் தேடுங்கள். மறுபதிப்புகள் சுலபமாகக் கிடைக்கும். பழைய மெட்ராஸ் அச்சு கண்ணில் பட்டால் அதிகம் யோசிக்காதீர்கள்.