பச்சைக்குள் எவ்வளவு இருட்டு?

வணக்கம் ஐயா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். சாதாரண தரத்தில் சித்திரம் பாடம் எடுத்தேன். உயர்தரம் முடித்துவிட்டு ஒரு வருடமாக ஹட்டனில் வரைகலை வடிவமைப்பு படிக்கிறேன். கோடு, வடிவம், நிறம், இழையமைப்பு, சமநிலை, எதைக் கேட்டாலும் வரைவிலக்கணம் சொல்வேன். சோதனையில் புள்ளிகளும் நன்றாகத்தான் வருகின்றன. ஆனால் தாளில் ஒன்றும் சரியாக வருவதில்லை.

தோட்டத்துக் கோயில் சரஸ்வதி பூசைக்கு ஏ3 தாளில் சுவரொட்டி செய்தேன். இலைப் பச்சைப் பின்னணி, சிவப்பு எழுத்து. நிறவட்டத்தில் எதிரெதிரே நிற்கும் எதிர்நிறங்கள் கண்ணைப் பிடிக்கும் என்று படித்ததை நம்பித்தான் செய்தேன். கடைச் சுவரில் ஒட்டிய பிறகு ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் எனக்கே வாசிக்க முடியவில்லை. அச்சில் அந்தப் பச்சையும் சேறு மாதிரி வந்தது. நீர்வர்ணத்தில் மலை வரைந்தால் பச்சைச் சேலைகளை வரிசையாகக் காயப்போட்டதுபோல இருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்ணை வரைந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இவ பள்ளிக்கூடம்ல போறா" என்று சிரித்தார். படிக்கும் கோட்பாட்டால் பயன் உண்டா, அல்லது எனக்குத்தான் கை வரவில்லையா?

ஒரு மாணவி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கையில் பிழை இல்லை. நீங்கள் எழுதிய நான்கில் சுவரொட்டிக்கும் மலைக்கும் காரணம் ஒன்றுதான். அச்சு விவகாரம் அதற்கு ஒன்றுவிட்ட உறவு. அம்மா சிரித்தது மட்டும் வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

அந்த ஒரு காரணம் தொனி. ஒரு நிறம் சிவப்பா பச்சையா என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது இன்னொரு கேள்வி. எழுத்தை வாசிக்கும்போது கண் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்கிறது. உங்கள் சுவரொட்டியைப் போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இலைப் பச்சையும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும், எழுத்து பின்னணிக்குள் அமிழ்ந்துபோகும். நிறம் எதிர், தொனி ஒன்று என்றால் எழுத்தின் விளிம்பு அதிர்வதுபோலத் தெரியும். கண்ணைப் பிடிக்கும் என்பது உண்மைதான், பிடித்து உலுக்கிவிடும், வாசிக்க விடாது.

எதிர்நிறப் பாடத்தின் வேரும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரேல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று முறைப்பாடு வந்தது. சோதித்தால் சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்த நூலின் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. 1839இல் அவர் வெளியிட்ட விதியின் சாரம், நிறங்கள் ஒட்டி நிற்கும்போது ஒன்றையொன்று மாற்றும் என்பது. நிறத்தை மட்டுமல்ல, வெளிச்சத்தையும் மாற்றும். நம் வகுப்புகளில் முதல் பாதி வட்டம் போட்டுக் காட்டப்படுகிறது, இரண்டாம் பாதி எப்படியோ விட்டுப்போகிறது.

முதல் வேலையாகப் போஸ்டர் கலரில் வெள்ளையும் கறுப்பும் மட்டும் எடுத்து ஐந்து கட்டம் போடுங்கள். இரண்டு ஓரக் கட்டங்களையும் முதலில் தீட்டுங்கள், பிறகு நடுக்கட்டம், பிறகு மிச்சம் இரண்டும். நடுச் சாம்பலுக்கு இரண்டையும் சம அளவில் கலந்தால் கரி வரும், கறுப்புக்கு அவ்வளவு பலம். வெள்ளையை முதலில் எடுத்துவைத்து, கறுப்பைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேருங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யவேண்டாம். போஸ்டர் கலரில் வெளிர் தொனிகள் காய்ந்தால் கொஞ்சம் இருளும், இருண்டவை கொஞ்சம் வெளிறும். ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டு ஒப்பிடுங்கள். முடிந்த அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, இனி எந்த நிறத்தைக் கலந்தாலும் அதன் பக்கத்தில் பிடித்து, கண்ணைப் பாதி மூடி, எந்தக் கட்டத்தோடு சேர்கிறது என்று பாருங்கள்.

மலைக்கு வருவோம். காலையில் மப்பு விலகும் நேரம் வாசலில் நின்று அதே அட்டையைப் பிடித்துப் பாருங்கள். காலடியில் உள்ள தேயிலைச் செடியில் அடி இலை கிட்டத்தட்டக் கறுப்பு, மேலே நிற்கும் கொழுந்து மஞ்சள் கலந்த வெளிர் பச்சை. அதாவது ஒரே செடியில் நான்கு கட்டம். எதிர் மலையில் இரண்டு கட்டம்தான் மிஞ்சும். கடைசி மலையில் ஒன்றுதான், அதுவும் நீலம். தூரம் கூடக் கூடத் தொனி வெளிறுவது மட்டுமல்ல, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளியும் சுருங்குகிறது. சேலை காயப்போட்டதுபோல வருவதற்குக் காரணம், எல்லா மலைக்கும் ஒரே பச்சையைப் பூசி விளிம்பை மட்டும் கோடாக வைப்பது. இன்னொன்றும் உண்டு. மூடுபனி பள்ளத்தில் தங்குவதால் ஒவ்வொரு மலையும் அடிவாரத்தில்தான் வெளிறும். நாம் பழக்கத்தில் அடியை இருட்டாக்கிவிடுகிறோம்.

தூர மலையிலிருந்து தொடங்குங்கள். அல்ட்ராமரின் நீலம், ஒரு துளி மஞ்சள், நிறையத் தண்ணீர். அடுத்த மலைக்கு மஞ்சளைக் கூட்டித் தண்ணீரைக் குறையுங்கள். மிகக் கிட்ட உள்ளதற்கு மஞ்சள் இரண்டு பங்கு, நீலம் ஒரு பங்கு, அத்தோடு கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. குப்பியில் வரும் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் வாளி நிறம்தான் கிடைக்கும். ஒவ்வொரு மலையையும் மேல் விளிம்பிலிருந்து தீட்டி இறக்கி, ஈரம் இருக்கும்போதே அடிவாரத்தில் வெறும் தண்ணீர்த் தூரிகையால் இழுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. மழைக் காலத்தில் நம் பக்கம் இது பொறுமைக்கு வைக்கும் சோதனை. அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் புதுத் தண்ணீர் பட்டால் கோவாப்பூ மாதிரி விளிம்பு விரிந்து கறை படியும், பிறகு எடுக்கமுடியாது. அவசரத்தில் அடுப்படியில் காட்டவும் வேண்டாம், ஒரு பக்கம் முந்திக் காய்ந்து தாள் முறுக்கிக்கொள்ளும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) கனத் தாள் கிடைக்காவிட்டால் மெல்லிய தாளை நனைத்துப் பலகையில் விரித்து, நான்கு ஓரமும் பசைக் காகித நாடாவால் ஒட்டி, ஓர் இரவு காயவிட்டு வரையுங்கள்.

கண்டிக்குப் போகும் நாளில் தெகல்தொருவ குகை விகாரையைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம். நிழல் இல்லை, தூரக் காட்சி இல்லை, ஒரே ஆள் ஒரே பட்டையில் திரும்பத் திரும்ப வந்து கதையை நடத்திப் போகிறார். தட்டையான சிவப்புப் பின்னணியில் வெளிர் உடல்கள், சுற்றிலும் இருண்ட கோடு. குகையின் மங்கல் வெளிச்சத்திலும் உருவம் தெளிவாகப் பிரிந்து நிற்கும். உங்கள் சிவப்பை விட அந்தச் சிவப்பு கெட்டிக்காரத்தனம் செய்யவில்லை, பக்கத்தில் வெளிச்சத்தை வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சுவரொட்டியைத் திருத்துவோம். பச்சை வேண்டுமானால் இருக்கட்டும், ஆனால் அட்டையின் கறுப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் வருமளவு இருளட்டும். எழுத்து வெளிர் மஞ்சள். சிவப்பை ஒரே இடத்தில், மஞ்சள் பட்டைமேல் வையுங்கள். அடுத்தது அளவு. மூன்று மீற்றர் தூரத்துக்கு எழுத்தின் உயரம் 2.5 சென்ரிமீற்றர் என்பது பலகை எழுதுபவர்களின் பொதுக் கணக்கு. பத்து மீற்றர் ரோட்டுக்கு எட்டு சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டும். 'சரஸ்வதி' ஐந்து எழுத்து. நிமிர்த்திய ஏ3இன் அகலம் 29.7, ஓரம் விட்டால் ஓர் எழுத்துக்கு ஐந்து சென்ரிமீற்றர் அகலம்தான் கிடைக்கும், எட்டு உயரத்துக்கு அது போதாது. ஆகவே அந்தத் தாளில் அது முடியாத காரியம். இரண்டு ஏ3ஐ ஒட்டி ஏ2 ஆக்கிக் குறுக்கே வைத்தால் 59.4 கிடைக்கிறது, எட்டு தாராளமாக நிற்கும். நேரம், இடம் எல்லாம் கிட்ட வந்து வாசிப்பவருக்கு, அவை சிறியதாக இருக்கலாம்.

தமிழ் எழுத்துக்கு மூன்று எச்சரிக்கை. தடித்த எழுத்துருவுக்கு மேல் இன்னொரு கரை போட்டால் ண, ஞ இரண்டிலும் சுழி அடைந்துபோகும். ஆங்கில எழுத்தை இழுத்து விரிப்பதுபோல எழுத்துகளுக்கு இடையில் இடைவெளி கூட்டினால், 'தேயிலை'யில் கொம்பு தன் எழுத்தை விட்டு முன்னெழுத்தோடு போய் நிற்கும். பழைய போட்டோஷொப்பில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்குங்கள். பாமினியில் தட்டெழுதியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கடைக் கணினியில் முழுவதும் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும், ஆகவே எழுத்தை வளைகோடாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றியே கொடுங்கள்.

சேறாக வந்த பச்சைக்கு: திரை ஒளியால் காட்டுகிறது, அச்சு நான்கு மையால். திரையில் மின்னும் பச்சை மையில் இல்லை. அத்தோடு பச்சைக்குள் மஜெந்தா என்ற செவ்வூதா மை ஏறினால் எதிர்நிறம் கலந்து மங்கும். தொடக்கத்திலேயே கோப்பை நான்கு மை முறையில் திறந்து, சியான் (நீலப்பச்சை) 90, மஜெந்தா 10, மஞ்சள் 90, கறுப்பு 45 வீதம் என்று வைத்துப் பாருங்கள். சுற்றிலும் வெட்டுக்கு மூன்று மில்லிமீற்றர் கூடுதலாக விடவேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாகவே அனுப்புங்கள்.

இனி அம்மா. நீங்கள் கூடையைத் தோளில் மாட்டியிருப்பீர்கள், புத்தகப் பை மாதிரி. கூடைக் கயிறு தலையில் மடித்த துணிமேல் ஏறுகிறது. பாரம் கழுத்துக்கு வருவதால் தலையும் கழுத்தும் முன்னே சாய்கின்றன. அந்தச் சாய்வுதான் கூடையைத் தாங்குகிறது. தோள் இரண்டும் விடுதலை, அதனால்தான் இரண்டு கையாலும் கிள்ளிப் பின்னால் எறிய முடிகிறது. இடுப்பில் கட்டிய படங்குத் துணி காலை மறைக்கும், செடி முழங்காலுக்கு மேலும் மறைக்கும், ஆகவே பாதம் வரைய வேண்டியதே இல்லை. முகத்தில் சிரிப்பு வரைந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அது தேயிலைப் பெட்டிக்காரரின் வேலை. அம்மாவை ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லி, உச்சியிலிருந்து குதிகால்வரை ஒரே கோடு, அதன்மேல் கயிறு, பிறகு கூடை என்ற ஒழுங்கில் பத்துத் தடவை வரையுங்கள்.

கோட்பாட்டால் பயன் உண்டா என்று கேட்டீர்கள். சுவரொட்டி கெட்டது ஏன் என்று இவ்வளவு நேரம் அதை வைத்துத்தானே பேசினோம். திருத்தியதை அனுப்பும்போது இரண்டு படம் அனுப்புங்கள், ஒன்று நிறத்தில், ஒன்று கறுப்பு வெள்ளையில். கறுப்பு வெள்ளையை முதலில் பார்க்கிறேன்.