மோதிரத்தைக் கழற்றிவிட்டு

அன்புள்ள ஐயா,

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு பற்றி ஒரு காணொளி பார்த்ததிலிருந்து அதே நினைவாக இருக்கிறது. மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடி, கிண்ணம், மூங்கில் மத்து மூன்றும் வாங்கிவிட்டேன். தினமும் காலையில் இப்படித் தேநீர் கலந்து குடித்தால் மன அமைதி கிடைக்குமா? 'வாபி' என்றால் எளிமை என்று புரிந்துகொண்டிருக்கிறேன், சரிதானே? ஜென் தெரியாமல் இதைச் செய்யலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடிதத்தைப் படித்ததும் கை தானாக மோதிர விரலுக்குப் போனது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜென் கேள்வியை விட்டுவிடலாம். தேநீர்ச் சடங்கின் பெரிய குருவான சென் நோ ரிக்யூ தாய்தோகுஜி மடத்தில் ஜென் பயின்றவர்தான். அதற்காகத் தேநீர் குடிக்கிறவர்கள் எல்லோரும் ஞானிகள் ஆகிவிடவில்லை.

ஆனால் 'எளிமை' என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன். 'வாபி' என்ற சொல்லின் பழைய பொருள் இல்லாமையும் அதன் துயரமும். அதை அழகாகப் பார்த்தவர்கள் யார்? ரிக்யூ, சகாய் துறைமுகத்து வணிகர் வீட்டுப் பிள்ளை. யாமசாகியில் உள்ள தாய்-ஆன் என்ற தேநீர் அறை அவர் அமைத்தது என்பார்கள். இரண்டே பாய் அளவு. அவருடைய எஜமானர், அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷியோ, கழற்றி மாட்டக்கூடிய தங்க அறை ஒன்றைச் செய்து, 1586இல் அரண்மனைக்கே கொண்டுபோய்ப் பேரரசருக்குத் தேநீர் கொடுத்தார். மண்சுவரும் தங்கச்சுவரும் ஒரே கூட்டத்தின் ரசனைதான். 1591இல் அதே ஹிதேயோஷியின் ஆணைப்படி ரிக்யூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். காரணத்தை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். எளிமையாம்!

கிசாயெமோன் கிண்ணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கொரியாவில் பெயர் தெரியாத குயவர் யாரோ வனைந்தது. 1931இல் அதைக் கையில் வாங்கிப் பார்த்த யானகி சோயெட்சு என்ற கைவினை அறிஞர், ஏழைகள் சோறு தின்னும் சாதாரணக் கிண்ணம் என்றுதான் எழுதினார். அந்தச் சாதாரணத்துக்காகவே அதைக் கொண்டாடவும் செய்தார். இன்று அது ஜப்பானின் தேசியச் செல்வம். பெயர் மட்டும் வனைந்தவருடையது இல்லை, வைத்திருந்த வணிகருடையது. அவர் நொடித்துப்போன பிறகும் அதை விற்கவில்லையாம். உடம்பெல்லாம் கொப்புளம் வந்து செத்தாராம். அப்புறம் அதை வாங்கிய மாத்சுதைரா ஃபுமாய் என்ற பிரபுவுக்கும் கொப்புளம் வந்ததாகக் கதை. கடைசியில் குடும்பத்தார் பயந்துபோய்த் தாய்தோகுஜியைச் சேர்ந்த கோஹோ-ஆன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். மன அமைதி கேட்கிறீர்கள். அந்தக் கிண்ணம் தந்தது கொப்புளம்.

கேலி செய்கிறேன் என்று வருந்தாதீர்கள். கியோத்தோவில் ஒருமுறை நானும் உங்களைப் போலத்தான் அமைதி தேடிப் போய் உட்கார்ந்தேன். விருந்தளித்த அம்மாள் என் விரலைக் காட்டி, கழற்றச் சொன்னார். கிண்ணத்தில் கீறல் விழுமாம். இருபது வருடமாகக் கழற்றாத கல்யாண மோதிரம். சோப்புப் போட்டு இழுத்துக் கழற்றுவதற்குள் விரல் சிவந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. மரியாதைக்காகக் கிண்ணத்தைத் திருப்பி, முகப்பில் வாய் படாமல் குடித்தேன். பிறகு, இது எவ்வளவு பழைய கிண்ணம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். மாணவர்கள் பழகுவதற்கு வாங்கிய மலிவுக் கிண்ணமாம், அலமாரியில் இன்னும் ஆறு இருக்கிறதாம்.

விலையுயர்ந்த கிண்ணம் என்றால் யார்தான் மோதிரத்தைக் கழற்றமாட்டார்கள்? நான் சோப்புப் போட்டு விரலை இழுத்தது ஒரு மலிவுக் கிண்ணத்துக்காக. அந்த அறையில் நான் கற்றது அது ஒன்றுதான். அமைதியெல்லாம் வரவில்லை, முழங்கால்தான் வலித்தது.

வாங்கிவிட்டீர்கள், சரி. பொடியைச் சலித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்டி தட்டும். கொதிக்கிற நீரை அப்படியே ஊற்றாதீர்கள், சற்று ஆறட்டும். மூங்கில் மத்துக்கு வெறும் தண்ணீர் போதும், சோப்பு வேண்டாம். சோப்பு மோதிரத்துக்கு.