கை இல்லாத கணவாய்

சார் வணக்கம்,
ஆண் கணவாய் ஒரு கையாலதான் விந்தைப் பெண்கிட்ட சேர்க்கும்னு எழுதியிருந்தீங்க. பிளஸ் ஒன் படிக்கிற என் பொண்ணு, ஆழ்கடல் ராட்சசக் கணவாய்க்கும் அந்தக் கை உண்டான்னு கேக்கறா. எனக்கு இதையெல்லாம் அவகிட்ட பேச ஒரு மாதிரியா இருக்கு. பரிணாமத்துல இது ஏன் வந்துச்சு?

தம்பி,
கேட்ட புள்ளைக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதுக்கு? பரிணாமத்தை இன்னொரு நாள் பாத்துக்கலாம். கொஞ்ச நாளா எனக்கு ஒரே கடுப்பு, செத்த உடம்பை மேஜைல போட்டுப் பாத்துட்டு அது உயிரோட என்ன பண்ணுச்சுன்னு அடிச்சுப் பேசறாங்க பாருங்க, அந்தத் திமிரு மேல. உங்க லெட்டர் நேரா அதுல வந்து இடிச்சிருச்சு.

நான் ஜுவாலஜி படிச்ச காலேஜ் லேப்ல ஃபார்மலின் பாட்டிலுக்குள்ள ஒரு கணவாய், வெளுத்து வெறச்சுப்போய் கெடந்துச்சு. இடதுபக்க அடிக்கை நுனில உறிஞ்சிகள் சின்னக் காம்பா மாறியிருக்கும், அதுதான் விந்துப்பொதியைக் கொண்டுபோற கை, வரைஞ்சு பேர் எழுதுங்கன்னாங்க. பாட்டில்ல இருந்ததோ பெண் கணவாய்! வகுப்பே புத்தகத்தைப் பாத்து வரைஞ்சுது. இது பெண்ணாச்சே சார்னு கேட்ட ஒருத்தனுக்கு மட்டும் ரெக்கார்ட் திரும்பி வந்துச்சு.

அவங்களையாவது விடுங்க, பிரெஞ்சு விலங்கியல் மேதை குவியே எவ்ளோ பெரிய ஆளு, பெண் பேய்க்கணவாய்க்குள்ள (அதாவது ஆக்டோபஸுக்குள்ள) அறுந்து கெடந்த ஆணோட கையைப் பாத்துட்டு ஒட்டுண்ணிப் புழுன்னு 1829ல பேரே வெச்சுட்டார். அந்தக் கை ஒட்டியிருந்த குட்டி ஆணை ஆளுங்க கண்டுபிடிக்க இன்னும் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

ஆழ்கடல் கணவாய்ல பலதுக்கு அந்தக் கையே கிடையாது தம்பி. ஹிஸ்டியோட்யூதிஸ் மாதிரி சிலதுக்கு மேல்பக்கத்து ரெண்டு கையுமே மாறியிருக்கும், அது தனிக்கதை. கை இல்லாததுக்கு நீளமான ஆண்குறி. அது எவ்ளோ நீளம்னு செத்ததை வெச்சு சொல்லவே முடியாது. தென்னமெரிக்காவோட தென்கோடில பட்டகோனியா கடல் பக்கம் ட்ரால் வலைல ஒனைக்கியா இன்ஜென்ஸ்ங்கற ஆழ்கடல் கணவாய்ல ஒரு ஆண் வந்துச்சு, உடம்புக்கூடு 38 செ.மீ., முதிர்ச்சி பாக்கத் தொறந்தப்ப லேசா வெளிய தெரிஞ்சிட்டிருந்த குறி திடீர்னு நீண்டு 67 செ.மீ. ஆச்சு, கை தலை எல்லாம் சேத்து மொத்த உடம்பு நீளம்! ஆர்க்கிப்கின், லாப்டிகோவ்ஸ்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2010ல எழுதினாங்க. அங்கயும் கத்திதான், ஆனா உசிரு மிச்சம் இருந்துச்சு, அதனாலதான் தெரிஞ்சுது. அதே ஃபார்மலின்ல போட்டிருந்தா சுருங்கிப்போனதை ஸ்கேல் வெச்சு அளந்து, இதான் சைஸுன்னு எழுதி அடுத்த தலைமுறைக்கு மனப்பாடம் பண்ணக் குடுத்திருப்போம்.

கலிபோர்னியால மான்டரே பக்கம் ரோபோ கேமராவை எறக்கி ஆக்டோபோட்யூதிஸ்ங்கற ஆழ்கடல் கணவாயை உயிரோட பாத்தாங்க, ஆண் மேலயும் பெண் மேலயும் கிட்டத்தட்ட சமமா விந்துக்குழல் (விந்துப்பொதில இருந்து வெளிய வர்ற விந்து நெறஞ்ச குழல்) ஒட்டியிருக்கு. இருட்டுல எதிர்ல வர்றது யாருன்னு அது பாக்கறதில்ல போல.

பாப்பா கேட்டதுக்கு வர்றேன். ராட்சசக் கணவாய்க்கும் அந்தக் கை இல்ல. ஆஸ்திரேலியா பக்கம் பிடிச்ச ஒரு பெண்ணோட கைத்தோலுக்குள்ள விந்துக்குழல் பதிஞ்சிருந்ததை 1997ல எழுதினாங்க. எப்படி உள்ள போச்சுன்னு நேர்ல பாத்தவங்க யாருமில்ல, ஆண் அழுத்தி ஏத்தியிருக்கும்னு ஊகம்தான். தயவுசெஞ்சு அதையும் படம் போட்டு அம்புக்குறி வெச்சுடாதீங்கப்பா.