அப்பாவுக்கு சுகர், வீட்டில் எல்லோரும் போலீஸ்

கேள்வி: அப்பாவுக்கு 60 வயது, பல வருடமாக சுகர். மாத்திரையை மறக்கிறார், ஒளித்து வைத்து இனிப்பு சாப்பிடுகிறார், கேட்டால் கோபம் வருகிறது. அம்மா, அண்ணன், நான் மூவரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டோம். மூன்று மாத சுகர் 9-ஐத் தாண்டிவிட்டது. எப்படிச் சொன்னால் கேட்பார்?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: சொல்வதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாருங்களேன். சாப்பிட உட்கார்ந்தாலே மூன்று பேர் தட்டைப் பார்த்தால் யாராக இருந்தாலும் ஒளித்துத்தான் சாப்பிடுவார்கள். இனிப்போடு போனால் பரவாயில்லை, அடுத்தது மாத்திரை போடாததையும் மறைப்பார். டாக்டர் மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று அளவைக் கூட்டுவார், அப்புறம் ஒரு நாள் இவர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டுக்கொள்ள, மாத்திரையைப் பொறுத்து சுகர் ஒரேயடியாக இறங்கிவிடலாம். அதனால் அவர் பயப்படாமல் உண்மையைச் சொல்கிற ஆளாக வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டும். நீங்களே இருங்கள்.

"அப்பா, இதுல எந்த வேலை உங்களுக்கு ரொம்ப எரிச்சலா இருக்கு? அதை நான் பார்த்துக்கறேன்" என்று கேளுங்கள். மாத்திரையை நிஜமாகவே மறக்கிறாரா, இல்லை போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறதா? மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரைக்கு அந்தத் தொல்லை உண்டு. சாப்பாட்டோடு போட்டாலே பலருக்குக் குறைந்துவிடும், மெதுவாகக் கரைகிற வகையும் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டால் மாற்றித் தருவார். வெறும் மறதிதான் என்றால், கிழமை போட்ட மாத்திரை டப்பாவில் வாரத்துக்கு ஒரு முறை நிரப்பி வைத்துவிடுங்கள், "போட்டீங்களா?" என்று தினமும் கேட்கிற வேலை மிச்சம்.

சாப்பாட்டில் அவருக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். இனிப்பை வீட்டுக்குள் வாங்கி வைத்துவிட்டு அவர் தொடக்கூடாது என்பது, என்னைக் கேட்டால், கொடுமை. தவிர பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருகிற டைப் 2 சுகர் குடும்பத்தில் வருகிற வியாதி, உங்களுக்கும் அண்ணனுக்கும் வாய்ப்பு அதிகம், ஆகவே அந்தச் சாப்பாடு உங்களுக்கும் தேவைதான். நீங்கள் இருவரும் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நடைப்பயிற்சியும் அப்படித்தான், "போய் நடங்க" என்றால் போக மாட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு "வாங்க, கால் மணி நேரம்" என்று கூப்பிட்டால் வருவார்.

மூன்று மாத சுகர் என்பது ஒரு சராசரி, ஒரு நாள் தின்ற இனிப்புக்கு அதில் பெரிய இடம் கிடையாது, அதற்காகச் சண்டை வேண்டாம். பலருக்கு 7-க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள், அப்பாவுக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கூடப் போவதாக இருந்தால் அவரைக் கேட்டுவிட்டுப் போங்கள், போன இடத்தில் கோள் சொல்லாதீர்கள்.

ஒரு வேலைக்கு மட்டும் கட்டாயம் இன்னொருவர் கண் வேண்டும்: பாதம். நரம்பு பாதித்திருந்தால் கல் குத்தியதுகூடத் தெரியாது, குனிந்து பார்ப்பதும் சிரமம். தினமும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள், கொப்புளம், வெடிப்பு, நிற மாற்றம் எது இருந்தாலும் ஆறட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கணவர் இன்சுலின் போடுகிறார். சில சமயம் திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறார். அப்போது இனிப்பு கொடுக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் சொல்வதெல்லாம் லோ சுகர் அறிகுறி, அந்த எரிச்சலும் சேர்த்துத்தான், அதற்குப் பதில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். மீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால், மீட்டர் கைக்கு எட்டாவிட்டால் சந்தேகத்தின் பேரிலேயே, 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வையுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சுகர் ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அடிக்கடி இப்படி ஆகிறது என்றால் இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கும், தேதி, நேரம், மீட்டர் காட்டிய எண் மூன்றையும் குறித்து எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.