கீறல் விழாத கடிகாரம் இருக்கிறதா? கேள்வி பதில்

ஸ்மார்ட்வாட்ச் வாங்கப் போகிறவர்களும், வாங்கிய வாரமே கோடு போட்டுக்கொண்டவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் ஓர் உலோக மெருகுப் பட்டறையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். கதவுக் கைப்பிடி, மருத்துவக் கருவி, எப்போதாவது கடிகாரத்தின் உடல் என்று வருவதையெல்லாம் தேய்ப்போம். கடிகாரம் விற்கிறவன் இல்லை. நீங்கள் எதை வாங்கினாலும் எனக்குக் காலணா வராது.

செங்காங்கிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, முதல்முறையாக ஸ்மார்ட்வாட்ச் வாங்குகிறேன். அலுவலக வேலைதான். அலுமினியம் போதுமா, கூடக் காசு போட்டு டைட்டானியம் வாங்கலாமா? கீறல் விழக்கூடாது, அதுதான் எனக்கு முக்கியம்.

கீறல் விழக்கூடாது என்றால் பெட்டியைத் திறக்காதீர்கள் தம்பி. கையில் கட்டினால் விழும். எந்த மாதிரிக் கீறலைப் பார்த்தால் உங்களுக்கு எரிச்சல் வராது என்று யோசியுங்கள், தேர்வு சுலபமாகிவிடும்.

அலுமினியம் மென்மையான உலோகம். அதன்மேல் அனோடைசிங் செய்து கடினமான ஓர் ஆக்சைடு படலத்தை வளர்க்கிறார்கள். அந்தப் படலம் சில்லறைக் கீறலைத் தாங்கும். ஆனால் தலைமுடியைவிட மெல்லியது. எம்ஆர்டி ரயில் கம்பியிலோ கதவு நிலையிலோ ஓங்கி இடித்தால் அடியில் உள்ள உலோகம் ஒடுங்கும், படலம் உடையும், உள்ளே வெள்ளை தெரியும். கறுப்பு அலுமினியத்தில் அந்த வெள்ளைப் புள்ளி இட்லியில் விழுந்த முடி மாதிரி, கண் அங்கேயேதான் போகும். வெள்ளி நிறத்தில் வாங்கினால் மேலும் கீழும் ஒரே நிறம், கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால்தான் தெரியும். அலுமினியம்தான் என்று முடிவானால் வெள்ளி நிறம் எடுங்கள். இந்த ஒரு யோசனைக்குக் காசு செலவே இல்லை.

பளபளக்கும் ஸ்டீல் நம் வீட்டு எவர்சில்வர் தட்டு மாதிரி. புதிதில் முகம் தெரியும். ஒரு வருடத்தில் மயிரிழைக் கோடுகள் முழுக்கப் படர்ந்துவிடும். ஆனாலும் தட்டு அசிங்கமாகத் தெரிவதில்லை, இல்லையா? கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். தவிர, ஸ்டீலை மறுபடி மெருகேற்றலாம். கனம்தான் குறை. ஆப்பிள் சீரிஸ் 9-இல் 45 மில்லிமீட்டர் அளவை எடுத்தால் அலுமினியம் சுமார் 39 கிராம், ஸ்டீல் சுமார் 51. பகலில் தெரியாது, கட்டிக்கொண்டு தூங்கினால் தெரியும். 2024-இல் வந்த சீரிஸ் 10-இல் ஆப்பிள் ஸ்டீலை எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்தது.

டைட்டானியத்தைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம். ராக்கெட்டில் போடுகிறார்கள், அதனால் கீறாது என்று நினைக்கிறார்கள். கீறும். பலமும் எடைக்குறைவும் வேறு, கீறலைத் தாங்கும் கடினம் வேறு. மங்கலான, மெல்லிய கோடு கோடாகப் பிரஷ் போட்ட டைட்டானியத்தில் கீறல் முதலில் பளிச்சென்று ஒரு கோடாகத் தெரியும். நாளடைவில் கை பட்டுப் பட்டு மங்கி, சாம்பல் நிறத்தோடு சேர்ந்துவிடும். எனக்குப் பிடித்தது அதுதான், ஆனால் அது என் ரசனை.

ஒன்றை மறக்காதீர்கள். ஆப்பிளில் உலோகத்தைத் தேர்வு செய்யும்போது கண்ணாடியையும் சேர்த்தே தேர்வு செய்கிறீர்கள். அலுமினியத்தில் வலுவூட்டிய சாதாரணக் கண்ணாடி, ஸ்டீலிலும் டைட்டானியத்திலும் சபையர் என்ற கடினமான படிகம். சாம்சங் அப்படி இல்லை. 2022-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 5-இலேயே அலுமினிய உடலுக்கும் சபையர் கொடுத்துவிட்டார்கள். அலுவலக வேலை, திரையில் கோடு விழுவதுதான் பயம் என்றால் உடலைவிடக் கண்ணாடியைப் பார்த்து வாங்குங்கள். பக்கவாட்டில் விழுகிற கீறலை நீங்கள் மட்டும்தான் பார்ப்பீர்கள்.

பிடோக்கிலிருந்து ஒரு அக்கா: இடது கையில் இரண்டு 916 வளையலோடு கடிகாரமும் கட்டுகிறேன். வளையல் உரசிக் கடிகாரம் வீணாகிவிடுமோ?

அக்கா, நீங்கள் கவலைப்படவேண்டியது வளையலுக்கு! 22 காரட் தங்கம் ஸ்டீலைவிட, கண்ணாடியைவிட எவ்வளவோ மென்மை. உரசல் நடந்தால் தேய்வது தங்கம்தான். கடிகாரத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஏதாவது தெரிந்தால் அது கீறல் இல்லை, உங்கள் வளையல். துணியில் துடைத்தால் போய்விடும், ஆனால் போவது உங்கள் காசு.

கல் வைத்த வளையல் என்றால் கதை வேறு. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி ஐந்தரை பக்கம், நாம் அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்லும் சிர்க்கோனியாக் கல் எட்டு, எட்டரை, சபையர் 9, வைரம் 10. அமெரிக்கன் டைமண்ட் வளையல் அலுமினிய மாடலின் கண்ணாடியில் கோடு போடும், சபையரில் போடாது. உண்மையான வைரம் எல்லாவற்றிலும் போடும். அதனால் கடிகாரத்தை வலது கைக்கு மாற்றிவிடுங்கள்.

துவாஸிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கப்பல் பட்டறையில் வேலை. ஊரிலிருந்து போன் வந்தால் சத்தத்தில் கேட்பதில்லை, கையில் அதிர்வு வந்தால் தெரியும் என்று ஸ்மார்ட்வாட்ச் வாங்கினேன். மூன்று மாதத்தில் கண்ணாடி முழுக்கக் கறுப்புப் புள்ளி. துடைத்தாலும் போகவில்லை. நான் என்ன பாவம் செய்தேன்?

பாவமெல்லாம் இல்லை, இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரின் தீப்பொறி. பறக்கிற ஒவ்வொரு பொறியும் பழுக்கக் காய்ந்த இரும்புத் துணுக்கு. கண்ணாடியில் பட்டதும் உருக்கி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். கிரைண்டர் பக்கத்தில் வேலை செய்கிறவர்களின் மூக்குக் கண்ணாடியைத் தடவிப் பாருங்கள், அதே சொரசொரப்புத்தான் இருக்கும். துடைத்துப் போகாது. சபையர் வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைத்துப் பெரிய தொகை போடாதீர்கள்.

அதைவிட முக்கியமானது: சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மணிக்கட்டில் எதுவும் கட்டக்கூடாது. வார் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். எங்கள் பட்டறையில் மோதிரத்தைக்கூடக் கழற்றச் சொல்வார்கள். வேலை நேரத்தில் போனை அதிர்வில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். ஓய்வு நாளில் கட்டிக்கொள்ளப் பிளாஸ்டிக் உடல் கொண்ட மலிவான ஒன்று போதும். பிளாஸ்டிக்கை யாரும் மதிப்பதில்லை. ஆனால் அதற்கு உள்ளும் புறமும் ஒரே நிறம், கீறினாலும் பல்லை இளிக்காது. கார்மின் ஓட்டக் கடிகாரங்கள் நிறைய பிளாஸ்டிக் உடல்தான், மாரத்தான் ஓடுகிறவர்களே கட்டுகிறார்கள்.

தெம்பனிஸிலிருந்து: கறுப்பு அலுமினியத்தில் கீறல். பற்பசை வைத்துத் தேய்த்தால் போகும் என்கிறார்களே?

போகாது. தேய்க்கத் தேய்க்க நிறப்படலம்தான் போகும், புள்ளி திட்டாக மாறும். கண்ணாடியிலும் வேண்டாம். விரல் ரேகை ஒட்டாமல் இருக்க மேலே ஒரு பூச்சு இருக்கிறது, பற்பசை முதலில் தின்பது அதைத்தான். பற்பசையால் பல்லை விளக்குங்கள்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஓர் ஐயா: ஐந்து வருடமாக ஸ்டீல் உடல் கடிகாரம் கட்டுகிறேன். பளபளப்பு போய்ப் புகை படிந்தது போல் இருக்கிறது. வீட்டிலேயே மெருகேற்ற முடியுமா? எனக்கு வயது 67, பொறுமைக்குக் குறைவில்லை.

இதற்குப் பொறுமைதான் வேண்டும் ஐயா, உங்களால் முடியும். முதலில் ஒரு கேள்வி: வாங்கியபோது கண்ணாடி போல் பளபளத்ததா, மெல்லிய கோடு கோடாக மங்கலாக இருந்ததா? பளபளத்தது என்றால் மேலே படியுங்கள். மங்கல் என்றால் நிறுத்துங்கள். நான் நிறுத்தாமல் கெட்டேன். மனைவியின் கடிகாரம் பிரஷ் போட்டது. பட்டறைக்காரன் என்ற திமிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேய்த்து ஒரு பக்கத்தை முகம் பார்க்கும் கண்ணாடி ஆக்கிவிட்டேன். மற்ற மூன்று பக்கம் மங்கல். “இது என்ன, ஒரு கண்ணுக்கு மட்டும் மை இட்ட மாதிரி?” என்றாள். கறுப்பு ஸ்டீலாக இருந்தாலும் தேய்க்கக்கூடாது. அது மேற்பூச்சு, போனால் வராது.

பளபளத்த வெள்ளி நிற ஸ்டீல் என்றால் வாரைக் கழற்றுங்கள். கடிகாரத்தை அணைத்துவிட்டு ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள். மணல் துகள் ஒன்று ஒட்டியிருந்தாலும் அதுவே புதுக் கீறல் போடும். பிறகு கண்ணாடி, அடிப்பக்கத்து உணரிகள், ஒலிபெருக்கித் துளை, பக்கவாட்டில் உள்ள திருகு சக்கரம் எல்லாவற்றின் மேலும் பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டுங்கள். நகத்தால் ஓரத்தை அழுத்திவிடுங்கள். மெருகுப் பசை ஊறிய துணி கடைகளில் கிடைக்கும். ஒரு தபால்தலை அளவு வெட்டி, ஒரே திசையில், நீளவாக்கில் தேயுங்கள். இரண்டு நிமிடத்தில் துணி கறுக்கும். பயப்படாதீர்கள், அந்தக் கறுப்பு வெறும் ஸ்டீல் தூள்தான், வேலை நடக்கிறது என்று அர்த்தம். சுத்தமான துணியால் துடைத்துப் பார்த்து, இன்னும் இரண்டு நிமிடம். விளக்கு வெளிச்சத்தைச் சாய்வாக விழவைத்துப் பாருங்கள், புகை விலகுவது தெரியும்.

மயிரிழைக் கோடுகள் போய்விடும். நகம் மாட்டுகிற ஆழமான கீறல் போகாது. அதைப் போக்க வேண்டுமானால் சுற்றியுள்ள உலோகத்தையும் அந்த ஆழத்துக்கு எடுக்க வேண்டும், ஓரங்கள் மழுங்கிக் கடிகாரம் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். ஆழக்கீறலை விட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். மோட்டார் சக்கரத்தில் வைத்துத் தேய்க்கும் பஃப்பிங் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். அந்தச் சக்கரத்தின் சூடு கடிகாரத்துக்குள்ளே உள்ள ரப்பரையும் பசையையும் பதம் பார்த்துவிட்டால் தண்ணீர் தாங்கும் சக்தி போய்விடும்.

டைட்டானியத்துக்கும் இதே முறையா என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அது துணியோடு ஒட்டிக்கொண்டு இழுபடும், பதம் வராது. இயந்திரத்தில் தேய்த்தால் அதன் நுண்தூள் தீப்பிடிக்கவும் கூடும். அதனால் பட்டறையில் அதற்குத் தனி மேசை வைத்திருக்கிறோம். வீட்டில் விளையாட வேண்டாம்.

ஈசூனிலிருந்து: சபையர் கண்ணாடி கீறாது என்று சொல்லி விற்றார்கள். சமையலறையில் ஒரு வாரம் கட்டியதில் நீளமாக ஒரு கோடு. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்படாதீர்கள். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரை எடுத்து அந்தக் கோட்டின்மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி போய்விடும். சபையர் அவ்வளவு கடினம் என்பதால், அதில் உரசுகிற எவர்சில்வர் கரண்டியோ பாத்திர விளிம்போ தானே தேய்ந்து சாம்பல் கோடாக ஒட்டிக்கொள்ளும். நமக்குக் கீறல் போலத் தெரியும்.

போகவில்லை என்றால் எங்கே உரசினீர்கள் என்று யோசியுங்கள். கிரானைட் மேடையில் உள்ள குவார்ட்ஸ் 7-தான், அதனால் ஆகாது. ஆனால் கத்தி தீட்டும் சாணைக்கல், நகம் ராவும் அட்டை, உப்புத்தாள் இவற்றில் பலவற்றில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. சபையரும் அதேதான்! நவரத்தினத்தில் வரும் நீலமும் மாணிக்கமும்கூட அதே இனம். பாம்பின் கால் பாம்பறியும் என்பது போலத் தன் இனத்தால் அது கீறுபடும். இன்னொன்று, கடினமானது எல்லாம் உடையாதது என்று நினைக்காதீர்கள். சபையர் கல்தரையில் ஓரமாக விழுந்தால் சிதறலாம். செராமிக் உடலும் அப்படித்தான், எளிதில் கீறாது, ஆனால் விழுந்தால் விரியும்.

பொங்கோலிலிருந்து: கீறல் விழாமல் இருக்க ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை போட்டேன். ஆறு மாதம் கழித்துக் கழற்றினால் உள்ளேதான் அதிகம் தேய்ந்திருக்கிறது!

ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் ஓடப் போகிறீர்கள்தானே? மணல் உள்ளே போய், வேர்வையில் குழைந்து, உறைக்கும் உடலுக்கும் நடுவில் உப்புத்தாளாக வேலை செய்திருக்கிறது. போட்டே ஆகவேண்டும் என்றால் வாரம் ஒரு முறை கழற்றி இரண்டையும் குழாய்த் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள்.

ஜூரோங்கிலிருந்து ஒரு அம்மா: மகன் அடுத்த மாதம் தேசிய சேவைக்குப் போகிறான். பரிசாக டைட்டானியம் வாங்கித் தரலாமா?

முடித்துவிட்டு வரும்போது தாருங்கள் அம்மா. ராணுவப் பயிற்சி நடக்கும் புலாவ் தெக்கோங் தீவின் சேற்றுக்கு ஐம்பது வெள்ளி விலையுள்ள பிளாஸ்டிக் கடிகாரம் போதும்.

பெயர், ஊர் சொல்லாதவர்: ஸ்டீல் உடல் கட்டிய இடத்தில் அரிப்பு. நிக்கல் ஒவ்வாமையா?

கடிகாரங்களில் வழக்கமாகப் போடும் 316எல் ஸ்டீலில் 10 முதல் 14 விழுக்காடு நிக்கல் இருக்கிறது, ஆனால் இறுகப் பிணைந்திருப்பதால் வெளியே வருவது மிகக் குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் வாருக்கு அடியில் தங்கும் வேர்வையும் சோப்புமே பெரும்பாலும் காரணம். ஒரு வாரம் கழற்றி வையுங்கள், கழுவி உலர்த்திக் கொஞ்சம் தளர்வாகக் கட்டிப் பாருங்கள். கவரிங் தோடு போட்டாலும் காது அரிக்கும் என்றால் நிக்கல் சந்தேகம் நியாயம்தான், பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.

மறுபடி பிடோக் அக்கா: நீங்கள் சொன்னபடி வலது கைக்கு மாற்றிவிட்டேன். இப்போது சக்கரம் முழங்கைப் பக்கம் போய்விட்டது, திருகவே வரவில்லை. பேசாமல் வளையலைக் கழற்றிவிடவா?

வளையல் இருக்கட்டும் அக்கா. உங்களுடையது ஆப்பிள் என்றால் பொது அமைப்புகளுக்குள் எந்தக் கை, சக்கரம் எந்தப் பக்கம் என்று கேட்கும் இடம் இருக்கிறது. வலது கை, சக்கரம் இடப்பக்கம் என்று மாற்றிவிட்டுக் கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டுங்கள். திரை தானே நேராகிவிடும். வாரின் இரண்டு துண்டையும் கழற்றி மேல்கீழ் மாற்றி மாட்டவேண்டியிருக்கும், மகளை உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.