மரத்திலிருந்து விழுந்த பூனைக்கு வாய் மூடவில்லையா?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வீடு. எங்கள் ஒரு வயதுப் பெண் பூனை இன்று காலை சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்துவிட்டது. வாய் மூடவில்லை, கீழ்த்தாடை வலப்பக்கம் போய்விட்டது, எச்சில் ஒழுகுகிறது. பக்கத்தில் சுளுக்கு எடுப்பவரிடம் காட்டலாமா?

பதில்: வேண்டாம். எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிற மூட்டு அல்ல அது.

காதுக்குச் சற்று முன்னால்தான் கீழ்த்தாடை மண்டையோட்டோடு சேர்கிறது. தாடையெலும்பின் முனை, குறுக்காகக் கிடக்கும் சிறு உருளை. பொட்டெலும்பில் உள்ள பள்ளம் அதை இறுக்கமாகப் பிடித்திருக்கும். நடுவே ஒரு மெல்லிய தகடு. கதவுக் கீல் மாதிரி மேலும் கீழும்தான் ஆடும். நம்மைப் போல் பக்கவாட்டில் அசைபோட பூனையால் அநேகமாக முடியாது. அதன் கடைவாய்ப்பற்கள் கறியை நறுக்கத்தான், அரைக்க அல்ல.

பள்ளத்தின் பின்பக்கம் எலும்பு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதனால் அடிபட்டு மூட்டு நழுவினால் பெரும்பாலும் முன்பக்கமாக, மேல்நோக்கித்தான் நழுவும். இடது மூட்டு அப்படி நழுவினால் தாடை வலப்பக்கம் திரும்பும். உங்கள் பூனைக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். ஆனால் வலது மூட்டருகே எலும்பு முறிந்திருந்தாலும் தாடை அதே வலப்பக்கம்தான் சாயும்! வெறும் கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்ல நானே துணியமாட்டேன். எக்ஸ்ரே வேண்டும், அதில் எலும்புகள் ஒன்றையொன்று மறைத்தால் சி.டி. ஸ்கேன். மோவாயில் இரு தாடைப் பாதிகள் சேரும் இடத்தையும் பார்த்தாக வேண்டும். உயரத்திலிருந்து விழும் பூனைகளுக்கு அங்கே பிளந்துகொள்வது சகஜம்.

வெறும் நழுவல் என்றால் வேலை சுலபம். மயக்க மருந்து கொடுத்து, பென்சில் பருமனில் ஒரு குச்சியைக் கடைவாய்ப்பற்களுக்கு நடுவே குறுக்காக வைத்து, வாயை மெல்ல மூடியபடியே தாடையைப் பின்னுக்குத் தள்ளுவோம். மூட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடும். நாளாக ஆகத்தான் சிரமம். முறிவு இருக்கும்போது இதைச் செய்தால் இருப்பதும் கெட்டுவிடும்.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள்; பூனைக்கு அது விஷம். சங்கில் பால் புகட்டவும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். துண்டு விரித்த கூடையில் வைத்து இன்றைக்கே சேலத்துக்கு இறக்கிவிடுங்கள். மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். தாடையைவிட நெஞ்சில் பட்ட அடிதான் அவசரம்.

அப்புறம், தாடை சரியாகிச் சில வாரமோ மாதமோ கழித்து, கொட்டாவி விடும்போது வாய் முழுக்கத் திறக்கவில்லை என்றால் மூட்டு இறுகத் தொடங்கியிருக்கலாம். இளம் பூனைகளுக்கு இது வருவதுண்டு. தள்ளிப்போடாமல் மறுபடி கொண்டுவந்து காட்டுங்கள்.