பாலைவனத்தில் ஏசி இல்லாத குளிர்ச்சி: கேள்வி பதில்

கட்டடத்துக்குள் வெப்பம் எந்த வழியாக நுழைகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். பாலைவனக் கட்டடங்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன் மேடம். அல் ஃபாஹிதி பக்கம் பழைய வீடுகளின் மேல் சதுரமாகக் கோபுரம் நிற்கிறது. பர்ஜீல் என்கிறார்கள். நிஜமாகவே ஏசி போலக் குளிருமா?

பதில்: ஏசி அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். காற்றோட்டம் கிடைக்கும். மேலே நாலு பக்கமும் திறப்பு இருக்கும். உள்ளே மூலைக்கு மூலை குறுக்குச் சுவர் வைத்து நாலு பாதையாகப் பிரித்திருப்பார்கள். காற்று அடிக்கும் பக்கத்துப் பாதையில் அது கீழே இறங்கும், எதிர்ப்பக்கத்துப் பாதை அறையின் சூட்டை மேலே இழுத்துவிடும்.

இதைத் துபாய்க்குக் கொண்டுவந்தவர்கள் பாரசீகத்திலிருந்து வந்த வணிகர்கள். ஈரானின் யஸ்த் நகரில் இதற்கு பாத்கிர் என்று பெயர். அங்குள்ள தௌலதாபாத் தோட்டத்துக் கோபுரம் எட்டுப் பட்டையாக 33 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. இறங்கும் காற்று நேரே ஒரு நீர்த்தொட்டியின் மேல் படும்படி கட்டியிருக்கிறார்கள். 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 15 சதவீதமாக இருந்தால், ஈரத்தின் மேல் போகும் காற்று கணக்குப்படி 40-லிருந்து 21 டிகிரிக்கு இறங்கலாம். நடைமுறையில் அவ்வளவு இறங்காது. பாதி இறங்கினாலே போதுமே! துபாய் கடலோர ஊர், காற்றில் ஏற்கெனவே ஈரம். அங்கே தண்ணீர் வைத்துப் பெரிய லாபமில்லை, காற்று உடம்பில் படுவதுதான் லாபம்.

யஸ்துக்குப் பக்கத்து அர்தகானில் ஒரே பக்கம் மட்டும் திறந்த பாத்கிர்கள் உண்டு. நல்ல காற்று வரும் திசைக்கு மட்டும் வாய், புழுதி வரும் திசைகளுக்கு முதுகு. இந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: ஆர்க்கிடெக்சர் மாணவி அக்கா. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் கறையான் புற்றைப் பார்த்துக் கட்டிய ஈஸ்ட்கேட் கட்டடம் பற்றி செமினார் எடுக்கிறேன். புற்றுக்குள் வெப்பம் மாறாமல் இருக்கும் என்று எழுதலாமா?

பதில்: எழுதாதே. 1996-ல் கட்டி முடிந்த அதை மிக் பியர்ஸ் வடிவமைத்தபோது அப்படித்தான் நம்பப்பட்டது. 2008-ல் டர்னர், சோர் என்ற இருவர், புற்றின் முக்கிய வேலை குளிரூட்டுவதல்ல, கறையான்களுக்கு மூச்சுக்காற்று மாற்றுவது என்று காட்டினார்கள். கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தைத்தான் ஒட்டிப் போகிறது. ஆனாலும் கட்டடம் நன்றாகவே வேலை செய்கிறது! ஹராரே பாலைவனம் இல்லை, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்து மேட்டு நிலம், ராத்திரி குளிரும். அந்தக் குளிர்காற்றை ஃபேன் வைத்துக் கட்டடத்துக்குள் ஓட்டி, கான்கிரீட்டைக் குளிரவைத்து, பகலில் செலவழிக்கிறார்கள். உன் செமினாரில் இந்த இரவுக் கணக்கை எடுத்துப் பேசு.

கேள்வி: ஜெய்சல்மர் போயிருந்தோம். ஹவேலி என்ற பழைய மாளிகைகளில் ஜாலி என்கிற கல் சல்லடைத் தடுப்பின் சின்னத் துளை வழியாகப் போகும்போது காற்று வேகமாகிக் குளிர்ந்துவிடும் என்றார் கைடு. சரியா?

பதில்: வேகமாவது சரி, குளிர்வது கதை. அந்த வேகத்துக்கு வெப்பம் இறங்குவது தெர்மாமீட்டரில்கூடத் தெரியாது. ஜாலி வெயிலை மறித்துக் காற்றை விடுகிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய வேலை. சுவரின் செதுக்கலைக் கவனித்தீர்களா? மேடும் பள்ளமுமாக இருப்பதால் சுவரின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு நிழல் போடும். அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்துச் சகுவாரோ கள்ளிக்கு உடம்பு முழுக்க மடிப்பு இருப்பதிலும் இந்த லாபம் உண்டு. ஜெய்சல்மர் சிற்பி கள்ளியைப் பார்த்துச் செதுக்கவில்லை. ஒரே வெயில், ஒரே விடை.

கேள்வி: பாலைவனத்தில் பழைய காலத்திலேயே ஐஸ் தயாரித்தார்கள் என்பது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?

பதில்: உண்மை. ஈரானில் யக்சால் என்ற கூம்பு வடிவ மண் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. பக்கத்தில் கிழக்கு மேற்காக ஒரு உயர்ந்த சுவர், அதன் வடக்கே ஆழமில்லாத தொட்டிகள். குளிர்கால இரவில் அதில் தண்ணீர் விடுவார்கள். மேகமில்லாத, வறண்ட வானம் என்பதால் தண்ணீர் தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு வீசிவிடும்; காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தாலும் தண்ணீர் உறைந்துவிடும். பகலில் சுவரின் நிழல் அதைக் காக்கும். ஐஸை வெட்டிக் கூம்புக்குக் கீழே உள்ள குழியில் போட்டுவைத்தால் கோடைக்கு ஆகும். கூம்பின் பூச்சு சாரூஜ்: களிமண், சுண்ணாம்பு, சாம்பல், ஆட்டு முடி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்தது.

சஹாரா வெள்ளி எறும்பும் இந்த வானத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதன் முக்கோண முடிகள் வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு, உடம்புச் சூட்டை வெளியே வீசவும் உதவுகின்றன என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தைய வருடமே ஸ்டான்ஃபோர்டில், ஏழு அடுக்கு மெல்லிய பூச்சு ஒன்று நேர் வெயிலில் வைத்தும் சுற்றுக் காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்து காட்டியது.

கேள்வி: அப்போ சென்னையில் என் வீட்டுக்கு ஒரு பாத்கிர் கட்டலாமா?

பதில்: வேண்டாம் சார். 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் தண்ணீர் தெளித்தாலும் 29 டிகிரிக்குக் கீழே போகாது. மே மாத இரவே 28 டிகிரியை ஒட்டி நிற்கிறது, ஈரக்காற்று வானத்தையும் மறைக்கிறது. அந்தக் காசில் மொட்டை மாடிக்கு வெள்ளையடியுங்கள்.

கேள்வி: ரியாத்தில் சைட் இன்ஜினியர். மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. சன்ஷேடை இன்னும் ரெண்டு அடி நீட்டினால் போதுமா?

பதில்: போதாது. சாயங்கால வெயில் படுக்கையாக வருகிறது, சன்ஷேடுக்கு அடியில் புகுந்துவிடும். செங்குத்துப் பட்டையோ ஜாலியோ வேண்டும், அதுவும் கண்ணாடிக்கு வெளியே. உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாயிற்று. அபுதாபியின் அல் பஹர் கோபுரங்களைப் பாருங்கள்: வெயிலுக்கேற்ப மடிந்து விரியும் குடைகளைக் கண்ணாடிக்கு வெளியேதான் நிறுத்தியிருக்கிறார்கள், வெயில் குறைவான வடக்குப் பக்கத்தை விட்டுவிட்டார்கள். உங்களுக்கு அந்த மோட்டார் எல்லாம் தேவையில்லை. நிலையான பட்டையே போதும், புழுதியைத் துடைக்கக் கை நுழையும் அளவு இடைவெளி மட்டும் விடுங்கள்.